வாரத்துக்கு 25 மணி நேரம் போதும்: முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் முதலாண்டு மாணவ மாணவியருக்கு,



வெள்ளைக் கோட்டு போட்டுப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. ஃபவுண்டேஷன் கோர்ஸ் முடிந்து, டிசெக்‌ஷன் ஹாலின் ஃபார்மலின் நெடிக்குக் கண் எரிவது கொஞ்சம் அடங்கியிருக்கும். விடுதி அறைச் சுவர்களில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய அட்டவணைகள் முளைக்கும் காலம் இது. காலை 4.30-க்கு எழ வேண்டும். 5 முதல் 7.30 வரை பிசியாலஜி. மாலை 5 முதல் 8 வரை அனாட்டமி. சாப்பிட்டுவிட்டு வந்து 8.30 முதல் நள்ளிரவு 12 வரை பயோகெமிஸ்ட்ரி. வகுப்பு போக நாளுக்கு ஒன்பது மணி நேரப் படிப்பு. இப்படிப்பட்ட அட்டவணைகளில் பெரும்பாலானவை முதல் புதன்கிழமையைத் தாண்டுவதில்லை. தாண்டாதபோது நீங்கள் உங்களையே சோம்பேறி என்று திட்டிக்கொள்கிறீர்கள். பல ஆண்டுகளாக முதலாண்டுக்கு அனாட்டமி எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தப்பு கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டப்படி வகுப்பு, செய்முறை, டிசெக்‌ஷன் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு ஏறத்தாழ 40 மணி. இரவுக்கு 7 மணி வீதம் தூக்கம் 49. குளியல், மெஸ் வரிசை, துணி துவைப்பது, விடுதிக்கும் கல்லூரிக்கும் நடப்பது, வீட்டுக்கு ஒரு போன் என நாளுக்கு 3 மணி வைத்தால் 21. ஆக 110. மிச்சம் 58. இந்த 58-ஐப் பார்த்ததும்தான் ஒன்பது மணி நேர ஆசை வருகிறது. ஆனால் அந்த 58-க்குள்தான் காய்ச்சல் வரும், அறைத்தோழியின் பிறந்தநாள் வரும், ஊருக்குப் போகும் சனி ஞாயிறு வரும். மதியம் முழுக்க டிசெக்‌ஷன் டேபிள் பக்கத்தில் நின்றுவிட்டு வந்த மாலையில் கால் கடுக்கும். புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியை மூன்று தடவை படிப்பீர்கள். வாரத்துக்கு 25 மணி நேரம் உருப்படியாகக் கிடைத்தால் அது நல்ல வாரம். நான் பார்த்த வரை நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கும் அதற்கு மேல் பெரிதாகக் கிடைப்பதில்லை. அவர்கள் அந்த 25-ஐ வீணடிப்பதில்லை, அவ்வளவுதான்.

உங்களில் பாதிப் பேருக்காவது இது நம்பக் கஷ்டமாக இருக்கும். நீட்டுக்காக ஓராண்டு, இரண்டாண்டு என்று தங்கிப் படிக்கும் பயிற்சி மையங்களில் இருந்து வந்திருக்கிறீர்கள். அங்கே எழுப்புவதற்கு ஒருவர், படிக்கும்போது பின்னால் நடப்பதற்கு ஒருவர், தினம் ஒரு தேர்வு, மறுநாள் காலையில் ரேங்க் பட்டியல். நாளுக்குப் பதினான்கு மணி நேரம் உட்கார்ந்ததை நீங்கள் உங்கள் திறமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தை உங்களுக்காக வேறு யாரோ ஆண்டுகொண்டிருந்தார்கள். இங்கே மணி அடிக்க ஆள் இல்லை. கேள்வியின் இயல்பும் வேறு. அங்கே நான்கு விடையில் ஒன்றைத் தொட்டால் போதும். இங்கே வெறும் தாளைக் கொடுத்து, ஆக்ஸிலரி ஆர்ட்டரியைப் படத்துடன் விவரி என்பார்கள். பார்த்தால் அடையாளம் தெரிவதும், பார்க்காமல் எழுதுவதும் ஒன்றாகாது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில், ஏற்கெனவே உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட அந்த 40 மணி நேரம். முதலாண்டுப் பாடத்தில் அனாட்டமிக்கு மட்டும் 600 மணிக்கு மேல் ஒதுக்கியிருக்கிறது. அதில் லெக்சர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பெரும்பகுதி டிசெக்‌ஷன் ஹாலிலும் ஹிஸ்டாலஜி லேபிலும் கழிகிறது. அந்த நேரம் எப்படிப் போகிறது என்று நான் தினமும் பார்க்கிறேன். டேபிளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். தலைமாட்டில் இரண்டு பேர் ஸ்கால்பெல்லும் ஃபோர்செப்ஸும் வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். ஒருவர் கன்னிங்ஹாம் மேனுவலைச் சத்தமாக வாசிப்பார். இரண்டாம் வரிசையில் நிற்பவர்கள் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் மெஸ் சாம்பாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றாம் வரிசைக்கு அன்றைக்கு எந்தப் பகுதி என்பதே தெரியாது. அன்று இரவு இவர்கள் அறையில் உட்கார்ந்து, நேரில் கண் முன்னால் கிடந்ததைப் புத்தகத்தில் இருந்து கற்பனை செய்துகொண்டு இரண்டு மணி நேரம் போராடுவார்கள்.

இதற்கு மருந்து முந்தின இரவில் இருபது நிமிடம். நாளைக்கு ஆக்ஸிலா என்றால், இன்றிரவு அட்லஸில் அந்த ஒரு பக்கத்தைப் பாருங்கள். பெக்டோராலிஸ் மைனர் தசை ஆக்ஸிலரி ஆர்ட்டரியை மூன்று பகுதியாகப் பிரிக்கிறது. முதல் பகுதியில் ஒரு கிளை, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. இவ்வளவு தெரிந்துகொண்டு டேபிளுக்கு வாருங்கள். அந்தத் தசையைத் தூக்கியதும் நீங்கள் கிளைகளைத் தேடத் தொடங்குவீர்கள். தேடுகிறவர் தானாக முதல் வரிசைக்கு வந்துவிடுவார். தன் உடலை உங்கள் படிப்புக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போனவர் அந்த டேபிளில் இருக்கக்கூடும். தயாராகாமல் வந்து நிற்பது அவருக்கும் மரியாதை இல்லை.

அடுத்தது, படிப்பு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் சில காரியங்கள். பச்சை, மஞ்சள், ரோஸ் என்று ஹைலைட்டர் போடுவது. சௌராசியாவின் அனாட்டமி புத்தகத்தில் இருக்கிறதை அழகான கையெழுத்தில் நோட்டுக்கு மாற்றுவது. ஒரே பாடத்தை மூன்றாம் முறை வாசிப்பது. இவற்றால் நேரம் போகும், மனதுக்கு நிம்மதியும் வரும். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரே அமர்வில் படித்துவிட்டு, மற்ற மூன்றிலும் தாளை மூடி வைத்து நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்கள் நினைவில் நின்றது 40 சதவீதம்; மூடி வைத்து எழுதியவர்களுக்கு 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்களும் அந்த 40 சதவீதக்காரர்கள்தான். உங்கள் விடுதியில் தேர்வுக்கு முந்தின இரவு எல்லாம் முடிச்சாச்சு என்று சொல்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை அனாட்டமியில் எப்படிச் செய்வது? பிரேக்கியல் பிளெக்சஸை எடுத்துக்கொள்வோம். சி5 முதல் டி1 வரை ஐந்து வேர்கள், மூன்று டிரங்க், ஆறு டிவிஷன், மூன்று கார்டு, பிறகு கிளைகள். வகுப்பு நடந்த அன்றே மாலையில் ஒரு பழைய தாளின் பின்பக்கம் பார்க்காமல் வரையுங்கள். அசிங்கமாகத்தான் வரும். லாங் தொராசிக் நரம்பு விட்டுப்போயிருக்கும், சப்கிளேவியஸுக்குப் போகும் சின்ன நரம்பை அநேகமாக எல்லோருமே விடுவீர்கள். மீடியன் நரம்புக்கு இரண்டு வேர் என்பது மறந்திருக்கும். இப்போது புத்தகத்தைத் திறந்து, விட்டதை மட்டும் சிவப்பில் போடுங்கள். தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். இரண்டு நாள் கழித்து இன்னொரு தாள், ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. மூன்றாவது தாளுக்கு நான்கு நிமிடம் ஆகும். ஒரு பகுதி முடிந்ததும் நடக்கும் பார்ட் கம்ப்ளீஷன் வைவாவில் நான் கேட்கும்போது உங்கள் கை தானாகக் காற்றில் வரையும்; அப்படி வரைகிறவர்களை எனக்கு உடனே தெரிந்துவிடும்.

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். வகுப்பு நேரத்தில் அனாட்டமிக்கு 600 மணிக்கு மேல், பிசியாலஜிக்கு 400-க்கு மேல், பயோகெமிஸ்ட்ரிக்கு 200-க்கு மேல். ஆனால் பல்கலைக்கழகத் தேர்வில் மூன்றுக்கும் ஒரே எடை: பாடத்துக்கு இரண்டு தாள், தாளுக்கு 100 மதிப்பெண். மூன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். அனாட்டமியில் தங்கப் பதக்கம் வாங்கினாலும் பயோகெமிஸ்ட்ரியில் போனால் சப்ளிதான். ஆற்றுப் பாசனத்தில் தலைமடைக்காரர் வயல் நிரம்பி வழியும்போது கடைமடை வெடித்துக் கிடக்குமே, முதலாண்டு மாணவரின் அட்டவணையில் பயோகெமிஸ்ட்ரி அந்தக் கடைமடை. கிளைகாலிசிஸும் கிரெப்ஸ் சுழற்சியும் பதினொன்றாம் வகுப்பில் பார்த்ததுதானே என்ற தைரியம் வேறு. வகுப்பில் அனாட்டமி தாராளமாக எடுத்துக்கொண்டுவிட்டதால், உங்கள் சொந்த நேரத்தில் அதற்குக் குறைத்துக் கொடுங்கள். அனாட்டமிக்காரனான நானே சொல்கிறேன், துறையில் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சரி, வாரத்தை எப்படிப் பிரிப்பது? நான் சொல்வது ஒரு வகை. உங்கள் கல்லூரி நேரத்துக்கு ஏற்ப இழுத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு முடிந்ததும் ஏழு மணி வரை புத்தகம் வேண்டாம். வாலிபால் ஆடுங்கள், டீ குடியுங்கள், படுத்துக் கிடங்கள். 7 முதல் 8 வரை அன்று நடந்ததை மேலே சொன்னபடி மூடிவைத்து எழுதிப் பார்ப்பது. சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் பிசியாலஜி அல்லது பயோகெமிஸ்ட்ரி. செவ்வாயும் வியாழனும் பயோகெமிஸ்ட்ரிக்கு என்று எழுதி வைத்துவிடுங்கள், அனாட்டமி வைவா இருந்தாலும் அதைப் பறிக்கக் கூடாது. கடைசி ஒரு மணியில் மறுநாள் டிசெக்‌ஷனுக்கான இருபது நிமிடமும், ரெக்கார்டும், மிச்சம் மீதியும். பதினொரு மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். ஐந்து நாளுக்கு 15 மணி ஆயிற்று. சனிக்கிழமை மதியத்துக்குப் பின் 3 மணி நேரம், அதுவும் பயோகெமிஸ்ட்ரிக்கே. அன்று மாலை ஆறுக்கு மேல் சினிமாவோ கடைத்தெருவோ, எங்கே வேண்டுமானாலும் போங்கள். ஞாயிறு காலை 4 மணி நேரத்தில் புதிதாக எதையும் தொடக் கூடாது. அந்த வாரம் நடந்த மூன்று பாடத்திலிருந்தும் கேள்விகளை எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தேர்வில் எழுதுவது போலவே படத்துடன் எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தின் பழைய கேள்வித்தாள்கள் எல்லா விடுதியிலும் கிடைக்கும். ஞாயிறு மாலை 3 மணி நேரம் காலியாக இருக்கட்டும். வாரத்தில் தவறிப்போனது அங்கே வந்து உட்காரும். அந்தக் காலியிடம் இல்லாத அட்டவணை ஒரே ஒரு காய்ச்சலில் செத்துவிடும்.

நைட் அவுட் பற்றிப் பலரும் பெருமையாகப் பேசுகிறீர்கள். விடிய விடியப் படித்துவிட்டு வருகிறவரை நான் வைவா மேசைக்கு எதிரே பார்க்கிறேன். கேள்வி காதில் விழும், பதில் நாக்கு நுனியில் நிற்கும், கையில் இருக்கும் ஹியூமரஸ் வலதா இடதா என்பது மட்டும் வராது. அன்று படித்ததை மூளை அடுக்கிவைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான். இந்த விஷயத்தைப் பிசியாலஜியில் நீங்களே படிக்கப்போகிறீர்கள்.

அரசுப் பள்ளிகளிலிருந்து தமிழ் வழியில் படித்து வந்திருப்பவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். 2020-இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளை அந்த முதல் தொகுதியிலிருந்தே நான் வகுப்பில் பார்த்து வருகிறேன். முதல் இரண்டு மூன்று மாதம் ஒரு பக்கம் படிக்க மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதை ஈடுகட்டத் தூக்கத்தை வெட்டாதீர்கள்; படிக்கும் பக்கத்தைக் குறையுங்கள். கைட்டனின் பிசியாலஜி புத்தகத்தை முதல் நாளே திறந்து பத்துப் பக்கத்தில் மூச்சு வாங்காதீர்கள். சின்னப் புத்தகம் ஒன்றில் அத்தியாயத்தை முடித்துவிட்டு, படங்களுக்காகவும் புரியாத இடத்துக்காகவும் கைட்டனுக்குப் போங்கள். லத்தீனும் கிரேக்கமும் கலந்த அந்தப் பெயர்கள் சிபிஎஸ்இ மாணவருக்கும் புதுசுதான். அவர் தயங்காமல் உச்சரிக்கிறார், அது ஒன்றே வித்தியாசம். தமிழில் யோசியுங்கள், தவறே இல்லை. ஆனால் தினமும் கால் மணி நேரம் அறைத்தோழரை எதிரே உட்காரவைத்து, ஒரு எலும்பைக் கையில் பிடித்து ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். வைவாவில் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபவுண்டேஷன் கோர்ஸில் மொழிப் பயிற்சியும் ஒரு பகுதி. அது பெயருக்கு நடந்து முடிந்திருந்தால் துறையில் வந்து கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

நேரத்தைத் தின்னும் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. சீனியர்களுக்கு ரெக்கார்ட் எழுதிக் கொடுப்பது. ஹிஸ்டாலஜி படங்களுக்கு ரோஸும் ஊதாவுமாக வண்ணப் பென்சிலைத் தேய்த்துக்கொண்டு இரவு ஒரு மணி வரை யாருடைய நோட்டையோ நிரப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அண்ணன் நல்லவர், கைடு புத்தகம் கொடுத்தார், எப்படி மறுப்பது என்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறை, ஒருவருடைய படிப்பு வேலையைப் புதிதாகச் சேர்ந்தவரைக் கொண்டு செய்யவைப்பதை ராகிங் என்றே வரையறுக்கிறது. தமிழ்நாட்டின் 1997 சட்டப்படியும் ராகிங் தண்டனைக்குரிய குற்றம். உங்கள் சொந்த ரெக்கார்டை அன்றன்றே முடித்துவிடுங்கள்; அதற்கு மேல் யாருக்கும் வரைய வேண்டியதில்லை. கடைசி ஒரு மாதம் படித்தால் போதும் என்று சொல்லும் சீனியரையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு அது நடந்திருக்கலாம். நடக்காமல் போனவர்கள் உங்கள் அறைக்கு வந்து அறிவுரை சொல்வதில்லை.

விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். தியரி வகுப்புகளில் 75 சதவீதமும் செய்முறையில் 80 சதவீதமும் வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. இன்டர்னல் மதிப்பெண்ணும் வேண்டும். முதல் எம்.பி.பி.எஸ். தேர்வுக்கு மொத்தம் நான்கு வாய்ப்புகள், அதுவும் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள். இதை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. முதல் இன்டர்னலில் பெயிலானதும், பத்தாம் வகுப்பிலிருந்து முதல் ரேங்கே பார்த்துவந்த பிள்ளைகள் சிலர் அறையைப் பூட்டிக்கொண்டு வகுப்புக்கே வராமல் இருந்துவிடுகிறார்கள். வருகை அங்கேதான் சரிகிறது; மதிப்பெண்ணைப் பின்னால் ஏற்றிவிடலாம், வருகையை ஏற்றுவது பெரும்பாடு. பெயிலான மறுநாள் வகுப்புக்கு வந்துவிடுங்கள். வரவே முடியாத அளவு மனம் சோர்ந்தால் விடுதியின் பக்கத்திலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. நோயாளிக்கு நாளை நீங்கள் சொல்லப்போகிற யோசனையை இன்று நீங்களே கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரவு எட்டரைக்குப் போன் செய்து எவ்வளவு படிச்சே என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். என் சக ஆசிரியர்களுக்கு: மூன்று துறைகளும் ஒரே வாரத்தில் தேர்வு வைக்காமல் இருக்க ஆண்டுத் தொடக்கத்தில் மூன்று பேர் அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். மாணவர்களின் அட்டவணை உடைவதற்கு நாமும் ஒரு காரணம்.

மாணவர்களே, சுவரில் இருக்கும் அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். வரும் ஞாயிறு காலை உங்களுக்குப் பிடிக்காத ஒரு தலைப்பில் ஒரே ஒரு நீண்ட கேள்வியைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். எழுத வராத இடங்களைக் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை மதியம் துறைக்கு வாருங்கள். அனாட்டமியோ, பிசியாலஜியோ, பயோகெமிஸ்ட்ரியோ, எந்தத் துறையிலும் யாராவது ஒருவர் இருப்போம். சந்தேகத்தோடு வருகிற முதலாண்டு மாணவரை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை.

அன்புடன்,
உங்கள் அனாட்டமி ஆசிரியர்களில் ஒருவன்